‘விட்டால் போதும்’ என்று கையெழுத்துப் போட்டேன்: விவாகரத்தில் நான் இழந்த பணம்

வீட்டைவிட்டுக் கிளம்பிய அந்த இரவில் நான் எடுத்துக்கொண்டது மகளின் பள்ளிப் பை, இருவருக்கும் இரண்டு செட் துணி, போன் சார்ஜர். அவ்வளவுதான். பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பச்சை ஃபைல் இருந்தது. கல்யாண நகை வாங்கிய ரசீதுகள், வீட்டுக் கடன் ஒப்பந்தத்தின் நகல், இன்சூரன்ஸ் பத்திரங்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் துணியை எடுத்தேன். அந்த ஃபைலின் வழவழப்பு இன்னும் கையில் இருக்கிறது. அப்போது எனக்கு அங்கிருந்து வெளியே வர வேண்டும், அதைத் தவிர வேறு எண்ணமே இல்லை.

இது 2021 ஆகஸ்டில். கல்யாணமாகிப் பத்து வருடம், மகளுக்கு 8 வயது. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், அப்போது மாதம் 34,000 ரூபாய் சம்பளம். படித்திருக்கிறேன், சம்பாதிக்கிறேன், பணத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பிரிவுக்கான காரணங்களை இங்கே எழுதப் போவதில்லை. பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் மனசு எப்படி உடையும் என்று சொல்ல எனக்கு நிறையப் பேர் இருந்தார்கள். வங்கிக்குப் போ, இந்தக் காகிதத்தை வாங்கு, இதில் கையெழுத்துப் போடாதே என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. நகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 15 லட்சத்துக்கு மேல் இழந்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி யாரும் என்னிடமிருந்து பிடுங்கியது இல்லை. ‘விட்டால் போதும்’ என்று நானே விட்டது.

முதல் அடி பதினோராவது நாள் விழுந்தது. என் சம்பளம் வந்து சேருவது என் பெயரிலும் கணவர் பெயரிலும் இருந்த கூட்டுக் கணக்கில். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகைக் கணக்கு அது. கல்யாணமான புதிதில் வசதிக்காகத் திறந்தது, பிறகு அதைப் பற்றி யோசித்ததே இல்லை. மகளின் பள்ளிக் கட்டணம் கட்டப் போனபோது அதில் 1,200 ரூபாய்தான் இருந்தது. நான் சேர்த்து வைத்திருந்த 3,40,000 ரூபாய் நான்கு தடவையாக எடுக்கப்பட்டிருந்தது. வங்கிக்கு ஓடினேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கணக்கு கணவர் பெயரிலும் இருக்கிறது, அவர் எடுத்ததில் வங்கி தலையிட முடியாது என்றார். பிரிவு ஏற்பட்டதை எழுத்தில் தெரிவித்து, இனி இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க வேண்டும் என்று முன்பே ஒரு கடிதம் கொடுத்திருந்தால் நிறுத்தி வைத்திருப்போம் என்றும் சொன்னார். ஒரு கடிதம். அதை எழுதப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதனால், பிரிவு வரும் என்று மனசுக்குப் பட்ட உடனேயே, வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு முன்பாகவே, உங்கள் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்துவிடுங்கள். கூட்டுக் கணக்கு இருக்கும் வங்கியில் வேண்டாம், வேறு வங்கியில். சம்பளம் அங்கே வரும்படி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை: உங்கள் போன் நம்பர் யார் பெயரில் இருக்கிறது? என் சிம் அவர் பெயரில் இருந்தது. மூன்றாம் மாதம் அந்த நம்பர் திடீரென்று செத்துப்போனது. ஆதார், வங்கி, பிஎஃப், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஓடிபி போவது அந்த நம்பருக்கு. ஒவ்வொன்றாக மாற்ற எனக்கு ஐந்து வாரம் ஆனது, நான்கு நாள் லீவு போட்டேன். மின்னஞ்சல் கடவுச்சொல்லும் அப்படித்தான். வீட்டுக் கணினியில் எப்போதும் திறந்தே கிடந்த என் மின்னஞ்சலில்தான் வக்கீலோடு நான் பேசியதெல்லாம் இருந்தது.

பச்சை ஃபைலுக்கு வருகிறேன். பிறகு ஒரு நாள் அண்ணனோடு போய்க் கேட்டபோது, அப்படி ஒரு ஃபைலே கிடையாது என்றார்கள். கல்யாணத்தின்போது அம்மா வீட்டில் போட்டது 42 சவரன். லாக்கர் அவர் பெயரிலும் மாமியார் பெயரிலும். திரும்பி வந்தது 27 சவரன். ஒன்பது சவரன் அவர் பெயரில் நகைக்கடனில் இருந்தது, மீதி ஆறு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நம் சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணத்தில் கொடுத்த நகையும் பொருளும் சீதனம், அது அவளுடைய முழுச் சொத்து, கணவன் வீட்டார் கையில் இருந்தாலும் அவர்கள் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டும்தான் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் என்ன கொடுத்தார்கள் என்பதை நான்தானே காட்ட வேண்டும்? ரசீது இல்லை. கல்யாண ஆல்பத்தை வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்து, கழுத்தில் என்ன, கையில் என்ன என்று எழுதினோம் அம்மாவும் நானும். ஒரு ராத்திரி முழுக்க. அம்மா ஆரத்தைப் பார்த்து அழுதார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஒவ்வொரு நகையாகப் போனில் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து உடன்பிறந்தவர் யாருக்காவது முன்பே அனுப்பி வைத்திருந்தால் அந்த ராத்திரி தேவைப்பட்டிருக்காது. வாங்கிய கடையில் பழைய பில் எண்ணைச் சொன்னால் நகல் கிடைக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது; இரண்டு நகைக்கு அப்படி வாங்கினோம்.

அடுத்தது வக்கீல். முதல் வக்கீலுக்கு 60,000 கொடுத்தேன். எட்டு மாதத்தில் ஒரு நோட்டீஸும் நிறைய வாக்குறுதிகளும் கிடைத்தன. இரண்டாவது வக்கீலுக்கு எல்லாம் சேர்த்து 1,25,000. இரண்டாமவர் நல்லவர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அந்த வாசலைத் தாண்டித்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனேன். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். சொந்தமாக வக்கீல் வைப்பதென்றாலும், முதலில் அங்கே போய் உட்கார்ந்து உங்கள் வழக்கில் என்னென்ன மனு போட முடியும் என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் பிறகு கட்டணம் பேசுங்கள். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள், கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகக் கொடுங்கள்.

இனி சொல்லப் போவதுதான் நான் செய்த தவறுகளிலேயே பெரியது. நான் சண்டை வழக்குக்குப் பயந்தேன். பத்து வருடம் இழுக்கும், மகள் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அண்ணன், “கேஸ் கீஸ் எல்லாம் வேண்டாம்மா, கொடுக்கறதை வாங்கிட்டு வெளிய வா” என்றான். அதனால் 2023 ஜனவரியில் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. (சிறப்புத் திருமணச் சட்டம், கிறிஸ்தவ, இஸ்லாமியச் சட்டங்களில் பிரிவும் வழிமுறையும் மாறலாம், உங்கள் கல்யாணம் எந்தச் சட்டத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.) பரஸ்பர சம்மதம் நல்ல வழிதான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டுவிட்டால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கணவர் தனக்கு மாதம் 55,000 சம்பளம் என்றார், நம்பினேன். அந்த அடிப்படையில்தான் எனக்கு மொத்தமாக 12 லட்சம், மகளுக்கு மாதம் 8,000 என்று பேசி முடித்தோம்.

உண்மையான சம்பளம் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது எனக்குத் தெரிய வந்தது 2024-இல், விவாகரத்தெல்லாம் முடிந்த பிறகு. எப்படித் தெரிந்தது என்று பின்னால் சொல்கிறேன். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் கணவன், மனைவி இருவருமே தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் எழுதிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். வங்கி விவரம், வருமான வரிக் கணக்கு எல்லாம் அதோடு வைக்க வேண்டும். பொய் சொன்னால் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம். மனைவி வேலைக்குப் போகிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்றும், மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நான் பிரிந்து போனது இந்தத் தீர்ப்பு வந்து ஒன்பது மாதம் கழித்து. ஆனால் ஜீவனாம்ச மனுவே போடாததால் அந்தக் காகிதம் என் வழக்கில் வரவே இல்லை. சமரசம் பேசுவதற்கு முன்பு, “இருவரும் அந்தப் படிவத்தை நிரப்பி மாற்றிக்கொள்வோம், பிறகு தொகையைப் பேசலாம்” என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தால் போதும். மறுத்தால், இடைக்கால ஜீவனாம்சத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு மனுவோ, எல்லா மதத்தினருக்கும் பொதுவான பராமரிப்பு மனுவோ (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144) போட்டிருக்கலாம். அது சண்டை போடுவதாகாது. கணக்கைப் பார்க்காமல் பங்கு பேசக் கூடாது, அவ்வளவுதான்.

பங்கு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்ததில் பாதி மனைவிக்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கோவாவில்தான் அப்படி ஒரு வழக்கம் சட்டத்தில் இருக்கிறது. மற்ற இடங்களில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ சொத்து அவருக்குத்தான். நாம் பணம் போட்டிருந்தால் அதை நாம்தான் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஏற்பாடு இது: அவர் சம்பளம் வீட்டுக் கடன் இஎம்ஐக்கு, என் சம்பளம் மளிகை, பள்ளிக் கட்டணம், கரன்ட் பில், மருந்து எல்லாவற்றுக்கும். ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று ஆறு வருடம் நினைத்திருந்தேன். பிரியும்போது பார்த்தால் அவர் சம்பளம் சுவராக நிற்கிறது, என் சம்பளம் அரிசி பருப்பாகக் கரைந்து போயிருக்கிறது. வீடு அவர் பெயரில் மட்டும். இப்போது கல்யாண வாழ்க்கையில் நிம்மதியாக இருக்கும் பெண்களுக்கும் இதைச் சொல்வேன்: சொத்தாக மாறும் செலவில் உங்கள் கணக்கிலிருந்தும் கொஞ்சம் போகட்டும், பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

ஆனால் கடனில் மட்டும் என் பெயர் இருந்தது. 2015-இல் 32 லட்சம் கடன் வாங்கியபோது, என் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் அந்தத் தொகை கிடைக்கும் என்று என்னை இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வைத்தார்கள். மாதம் சுமார் 28,000 இஎம்ஐ. விவாகரத்து ஒப்பந்தத்தில், ‘வீட்டுக் கடனைக் கணவரே முழுவதும் கட்ட வேண்டும்’ என்று எழுதினோம். நிம்மதியாகத் தூங்கினேன். 2024 பிப்ரவரியில் ஒரு ஸ்கூட்டர் வாங்கக் கடன் கேட்டேன், கிடையாது என்றுவிட்டார்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 640. அதற்கு முந்தைய வருடம் 781 இருந்தது. அவர் மூன்று மாத இஎம்ஐ கட்டவில்லை. வீட்டில் நான் இல்லை, வீடு என்னுடையது இல்லை, ஆனால் தவணை தவறியது என் பெயரிலும் பதிவாகிவிட்டது. கோர்ட் உத்தரவை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாக விளக்கினார்: “மேடம், அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற ஒப்பந்தம். பேங்க் அதுல பார்ட்டி இல்ல. எங்களுக்கு ரெண்டு பேரும் கடன்காரங்கதான்.”

அந்த வாக்கியத்தை நான் 2023-இலேயே கேட்டிருக்க வேண்டும். இணைக் கடனிலிருந்து பெயரை எடுக்க வங்கி சம்மதிக்க வேண்டும். அவர் வேறு ஒருவரை இணைக் கடன்தாரராகக் கொண்டுவர வேண்டும், அல்லது தன் வருமானத்திலேயே கடனை மாற்றி எடுக்க வேண்டும், அல்லது வீட்டை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். எது செய்தாலும் ‘இன்னாரைக் கடனிலிருந்து விடுவித்துவிட்டோம்’ என்று வங்கி கொடுக்கும் கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது முறை நீதிபதி முன் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். பரஸ்பர சம்மதத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது சம்மதத்துக்கும் நடுவே ஆறு மாதம் இருக்கிறது. (2017-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றம் நினைத்தால் அதைத் தளர்த்தலாம்.) அந்த ஆறு மாதத்தை எல்லோரும் எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டு கழிக்கிறோம். நம் கையில் பிடி இருக்கும் கடைசிக் காலம் அதுதான். கடன், லாக்கர், நகை, கிரெடிட் கார்டில் இணைப்பு அட்டை, யாருக்காவது போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாவற்றையும் தீர்க்க வேண்டியது அப்போது. உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று தெரியாவிட்டால், சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரியாத ஒரு தனிநபர் கடனிலும் நான் இணைக் கடன்தாரர் என்று அதில்தான் கண்டேன். நல்லவேளை, அது முடிந்துபோன கடன்.

அந்த 12 லட்சம் வந்த கதையையும் சொல்கிறேன். முதல் மனு போட்டபோது ஐந்து லட்சம், இரண்டாவது சம்மதத்தன்று ஐந்து லட்சம் டிடி. மீதி இரண்டு லட்சத்துக்கு 2023 அக்டோபர் தேதியிட்ட செக். “கைல இப்ப இல்ல, ரெண்டு மாசத்துல போட்டுடறேன்” என்றார். வக்கீல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான்தான், “பரவாயில்லை சார், முடிச்சிடலாம்” என்றேன். செக் திரும்பி வந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அவர் சொல்ல, நானும் காத்திருந்தேன். செக் திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அனுப்பினால் அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்கும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த 30 நாள் போய்விட்டது. செக்குக்கு மூன்று மாதம் உயிர் உண்டு, அதற்குள் மறுபடி வங்கியில் போட்டிருந்தால் புதிதாக நாள் கணக்கு ஆரம்பித்திருக்கும் என்பதும் தெரியாமல் போனது. தீர்ப்பை வைத்து, பணத்தைக் கோர்ட் மூலம் வசூலிக்க நிறைவேற்று மனு போடலாம் என்றார்கள், எனக்கு அதற்குத் தெம்பில்லை. முழுத் தொகையும் டிடியாகக் கைக்கு வராமல் கடைசிக் கையெழுத்து வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இருந்த இன்னொரு வரி: ‘நகை, பணம், பொருள் தொடர்பாக இனி எந்தப் பாக்கியும் இல்லை.’ இந்த வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும் என்றார்கள், படித்தும் பார்த்தேன். 15 சவரன் வரவில்லை என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். அன்றைய விலையில் ஆறரை லட்சம் ரூபாய். அந்த வரிக்கு முன்னால், ‘கீழ்க்கண்ட பட்டியலில் உள்ளவை அனைத்தும் பெற்றுக்கொள்ளப்பட்ட பிறகு’ என்று சேர்த்து, பட்டியலை இணைத்திருக்க வேண்டும். பட்டியல் எங்களிடம் இருந்தது. அம்மாவோடு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேனே, அதேதான்.

தீர்ப்பு வந்த பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருவர் பெயரிலும் இருந்த ஒரு மனையில் அவர் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாகப் பேச்சு. விடுதலைப் பத்திரத்தைத் தீர்ப்புக்குப் பிறகு பதியலாம் என்று தள்ளிப் போட்டோம். குடும்பத்தினருக்குள் என்றால் முத்திரைக் கட்டணத்துக்குத் தமிழ்நாட்டில் உச்சவரம்பு உண்டு. தீர்ப்பு வந்த மறுநாளே நாங்கள் குடும்பத்தினர் இல்லை. எனக்கு அறுபதாயிரத்துக்கு மேல் கூடுதலாகப் போனது. சொத்து கைமாற வேண்டுமென்றால் சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். வருமான வரியிலும் அதுதான் நல்லது, கணவன் மனைவிக்குள் கொடுப்பதற்கு உள்ள வரிவிலக்கு பிறகு கிடைக்காது. ஜீவனாம்சத்தில் மொத்தமாக வருவதையும் மாதாமாதம் வருவதையும் வரி ஒரே மாதிரி பார்ப்பதில்லை, தொகையை முடிவு செய்யும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேளுங்கள். அப்புறம் மருத்துவக் காப்பீடு. அவருடைய அலுவலகக் காப்பீட்டில் நான் இருந்தது தீர்ப்போடு முடிந்துவிட்டது. நான்காம் மாதம் எனக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை, 85,000 ரூபாய் கையிலிருந்து. புதுக் காப்பீடு எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதனால் பிரிவு பேச ஆரம்பித்தவுடன் எடுத்துவிட வேண்டும். மகள் அவர் காப்பீட்டிலேயே தொடரலாம், அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பிஎஃப், வங்கி, இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் நாமினி பெயர் மாற்ற நான் ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

மொத்தமாகப் பணம் கைக்கு வந்த முதல் ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள் என்று சொல்ல விரும்புகிறேன். கையில் பத்து லட்சம் இருப்பது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. வங்கியில் பிக்சட் டெபாசிட் போடப் போன என்னை, அதைவிட நல்லது என்று ஒரு இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்த்துவிட்டார்கள். வருடம் ஒரு லட்சம், பத்து வருடம் கட்ட வேண்டும் என்பது பத்திரம் வந்த பிறகுதான் புரிந்தது. பாலிசி வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க அப்போது 15 நாள் அவகாசம் (2024 முதல் 30 நாள்). நான் பத்திரத்தைப் பிரித்துப் படித்தது இருபதாவது நாள். இரண்டாம் தவணை கட்ட முடியவில்லை, கட்டிய ஒரு லட்சம் போயிற்று. ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பத்து லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் வருடம் 70,000, மாதம் 6,000-க்குக் கொஞ்சம் குறைவு. பெரிய தொகையாகத் தோன்றியது மாதச் செலவுக்கு முன்னால் எவ்வளவு சிறியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும் மகளுக்கும் மாதம் 25,000 போதும் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தேன். மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபோது 38,000 ஆனது. வாடகை அட்வான்ஸ், பஸ் கட்டணம், மகளை மாலையில் பார்த்துக்கொள்பவருக்கான சம்பளம் எதுவுமே என் மனக்கணக்கில் இருக்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு முன்பே அந்த நோட்டை எழுதுங்கள். டெபாசிட்டை ஒரே வங்கியில் வைக்காமல் பிரியுங்கள், ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான் காப்புறுதி.

மகளுக்கான 8,000-இல் வருடாந்திர உயர்வு என்று எதுவும் எழுதவில்லை. பள்ளிக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 2024-இல் என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் என் கடன் கதையைக் கேட்டுவிட்டு, “நீ உன் உரிமையை எழுதிக் கொடுத்திருக்கலாம்மா, குழந்தையோட உரிமையை எழுதிக் கொடுக்க நீ யாரு?” என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அன்று மதியமே என்னைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போனார். அங்கே கொடுத்த வக்கீல் மூலமாக, ஒரு ரூபாய் செலவில்லாமல், இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவில் மகளுக்காக மனு போட்டோம். குழந்தையின் பராமரிப்பு, படிப்பு பற்றிய உத்தரவைத் தீர்ப்புக்குப் பிறகும் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். இந்த முறை இருவரும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அவருடைய மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சம்பளம் மாதம் 1,04,000. எனக்கு முதலில் வந்தது அவர்மேல் கோபம் இல்லை. கேட்காமலே நம்பி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை நினைத்துத் துக்கம் வந்தது.

சமரச மையத்தில் மூன்று முறை உட்கார்ந்தோம். நான் இரண்டே விஷயம் கேட்டேன், எழுதிக் கொண்டுபோய்க் கேட்டேன். மகளுக்கு மாதம் 13,000, வருடம் 10 சதவீத உயர்வோடு, பள்ளிக் கட்டணம் நேரடியாகப் பள்ளிக்கு. இரண்டாவது, வீட்டுக் கடனிலிருந்து என் பெயர். முதலாவதற்கு ஒத்துக்கொண்டார். இரண்டாவதற்கு, பார்க்கலாம் என்றார். “வங்கிக் கடிதம் வரட்டும் சார், அப்புறம் கையெழுத்துப் போடறேன்” என்று சமரசரிடம் சொன்னேன். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டேன். முன்னாள் கணவருடைய மாமா மகன் இணைக் கடன்தாரராக வந்து, காகிதங்கள் நகர்ந்து, கடிதம் வர ஐந்து மாதம் ஆனது. காத்திருந்தேன், இந்த முறை எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

கடிதத்தை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். மகளின் பிறப்புச் சான்றிதழின் புது நகல், நகைப் பட்டியல், கோர்ட் உத்தரவுகள், என் டெர்ம் பாலிசி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று மகளுக்கும் காட்டியிருக்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினாள், அழுதுகொண்டு, அம்மா வீட்டுக்குப் போகப் போவதாக. உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அடிதடி ஏதும் இல்லை, பயப்படும்படி இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, “நாளைக்குக் காலைல போகலாம்மா. அதுக்கு முன்னாடி வீட்ல என்னென்ன பேப்பர் எங்க இருக்குன்னு சொல்லு” என்றேன். காலையில் இருவரும் சேர்ந்து படமெடுத்தோம், நாற்பத்து மூன்று படங்கள். பத்து மணிக்கு வங்கி திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கூட்டுக் கணக்குக்கான கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம்.